முக்கியமான நாளில் மட்டும் ஓடாத லேப்டாப்

"அண்ணாச்சி, பின்னயும் ஓண் ஆகல."

லேப்டாப் மறுபடியும் ஆன் ஆகவில்லை என்று, மலையடிவாரத்து வித்துராவிலிருந்து ரேவதி போனில் சொன்னாள். காலை மணி பத்தே முக்கால். அவள் உட்கார்ந்திருந்தது ஒரு ரிசார்ட் முதலாளியின் ஆபீஸில். மேசையில் அவளுடைய கேமிங் லேப்டாப், எதிரில் முதலாளி. அவர் பதினொன்றரைக்கு ஏர்போர்ட்டுக்குக் கிளம்ப வேண்டும். நானோ திருவனந்தபுரத்தில், ஆரியசாலையில், மாடியில் இருக்கும் என் சர்வீஸ் கடையில் நிற்கிறேன். கார் பிடித்துப் போனாலும் அங்கே சேர ஒன்றரை மணி நேரம் ஆகும்.

அந்த லேப்டாப்பை அதற்கு முன் மூன்று தடவை பார்த்துக் கொடுத்தவன் நான். மூன்று தடவையும், "இனி பிரச்சினை வராது மக்களே" என்று சொல்லித்தான் கொடுத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளையைக்கூட 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.

எங்கள் மெக்கானிக்குகளின் வாட்ஸ்அப் குழுவில், பவர் ஆன் ஆகாத கேமிங் லேப்டாப்பைப் பற்றி எழுதச் சொல்லி ஒரு தம்பி கேட்டிருந்தார். மதர்போர்டில் ஷார்ட் தேடுவது, போர்டில் மாஸ்பெட் என்கிற சின்னப் பாகத்தை மாற்றுவது பற்றி எழுதுவேன் என்று நினைத்திருப்பார். அதெல்லாம் இப்போது வீடியோவிலேயே கிடைக்கிறது. நான் எழுதப்போவது ஒரு ஸ்க்ரூகூடக் கழற்றாமல் சரியான மெஷினைப் பற்றி. அந்தப் பழுதைக் கண்டுபிடித்தவன் நான். அதை உண்டாக்கியவனும் நான்தான்.

என் படிப்பு பத்தாம் வகுப்பு. டிவி ரிப்பேரில் ஆரம்பித்து, மானிட்டர், அப்புறம் லேப்டாப் என்று வந்தவன். கடைக்குக் கீழே வற்றல் மிளகாய் மண்டி. புது கஸ்டமர் யாரும் தும்மாமல் மாடி ஏறியதில்லை. காலையில் குளித்து, நீறு பூசி, கடையில் பிள்ளையாருக்கு ஊதுபத்தி கொளுத்திய பிறகுதான் என் சோல்டரிங் அயர்ன் சூடாகும். இத்தனை வருடத்தில் அது மாறவில்லை.

1. தூசி எடுத்துக் கொடுத்தது

ரேவதி எங்கள் தெருவில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பத்துப் பெண். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து வந்தவர்கள். வீட்டில் தமிழ் பேசுவார்கள், வெளியே மலையாளம், கோபம் வந்தால் இரண்டும் சேர்ந்து வரும்.

அவள் வேலை என்னவென்றால், கட்டாத வீட்டைக் கட்டிய மாதிரி காட்டுவது. வாசலில் நுழைந்து, ஹாலைத் தாண்டி, படியேறி, ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது வரை கம்ப்யூட்டரில் நாமே நடந்து போகிற மாதிரி செய்துவிடுவாள். அதற்குப் பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டும். அதனால்தான் கேமிங் லேப்டாப். கீபோர்டில் ஏழு நிறத்தில் லைட் எரிகிற, செங்கல் கனத்துக்கு அடாப்டர் உள்ள மெஷின். வேறொரு ஆபீஸில் ஐந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அந்த வேலையை விட்டுவிட்டு, சொந்தமாகத் தொடங்கியிருந்தாள்.

முதலில் அவள் வந்தது சூட்டுக்காக. "அண்ணாச்சி, இது மேல தோசை சுடலாம்" என்றாள். ஃபேனைக் கழற்றினேன். உள்ளே தூசி கம்பளி மாதிரி படிந்திருந்தது. சுத்தம் செய்து, தெர்மல் பேஸ்ட் புதிதாக வைத்து, ஒரு மணி நேரம் லோடு கொடுத்து ஓட்டிப் பார்த்தேன். கப்பல் மாதிரி ஓடியது. "இனி பிரச்சினை வராது" என்று சொல்லிக் கொடுத்தேன்.

அப்போது எங்கள் கடைக்குப் பத்து வருடம் முடிந்த சமயம். கஸ்டமருக்கு ஏதாவது கொடுக்க வேண்டும் என்று மனதில் ஒரு ஆசை. சாலை பஜாரில் பரிசுச் சாமான் விற்கிறவரிடம் நூறு பிள்ளையார் வாங்கியிருந்தேன். கட்டைவிரல் உயரம், பித்தளை நிறம். கார் டேஷ்போர்டில் வைப்பதற்கென்று செய்தது. "அடியில நல்ல பவர் காந்தம் அண்ணாச்சி, குழியில விழுந்து எழும்பினாலும் சாமி அசையமாட்டாரு" என்று அவர் சொன்னார். எனக்கும் அது பிடித்துப் போயிற்று. பீடத்தைச் சுற்றிக் கடைப் பெயரையும் நம்பரையும் ஒட்டி வைத்தேன்.

ரேவதிக்கும் ஒன்று கொடுத்தேன். அவள் இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எங்க வைக்கது அண்ணாச்சி?"

"எங்க வேணாலும் வை. மேசைல வை, லேப்டாப் மேலயே வை. அப்படியே நிப்பாரு, விழமாட்டாரு."

இதைச் சொன்னது நான். என் வாயால் சொன்னது.

2. கடையில் ஓடும், வீட்டில் ஓடாது

இரண்டு வாரம் கழித்து அவள் மூச்சிரைக்க மாடி ஏறி வந்தாள். மிளகாய்த் தும்மல்கூட வரவில்லை. அவ்வளவு பதற்றம்.

கல்லாற்றுக்கு அந்தப் பக்கம் ஆற்றங்கரையில் ஒருவர் ரிசார்ட் கட்டப்போகிறார், எட்டு காட்டேஜ். வளைகுடாவில் தொழில் செய்கிறவர், ஆபீஸ் மட்டும் வித்துராவில். அந்த வேலையை ரேவதி தன் சொந்தப் பெயரில் கேட்டிருந்தாள். அவள் பெயரில் வருகிற முதல் வேலை. அன்று காலை ஒன்பது மணிக்கு வீடியோ மீட்டிங். எட்டே முக்காலுக்கு பவர் பட்டனை அமத்தினால் லேப்டாப் செத்த மாதிரி கிடந்திருக்கிறது. மீட்டிங் போய்விட்டது.

நான் அடாப்டரைச் செருகினேன். மூடியைத் திறந்தேன். பட்டனை ஒரு தட்டு. ஏழு நிறமும் எரிந்தது.

ரேவதி முகம் சுருங்கிப்போனது. "இல்ல அண்ணாச்சி, சத்தியமா ஓண் ஆகல. நான் வெறுதே சொல்லல, கேட்டோ."

"யாரு மக்களே சும்மா சொல்லுதேன்னு சொன்னா? என்ன செஞ்சே, மொதல்லேருந்து சொல்லு."

"காலைல குளிச்சேன், சாமி கும்பிட்டேன், பின்னே..."

"அது நல்ல காரியம். மெஷின் விஷயத்தச் சொல்லு."

அந்த இடத்தில் நான் அவளைத் தடுத்தேன். சாமி கும்பிட்டதற்கும் பவர் பட்டனுக்கும் என்ன சம்பந்தம் என்று நினைத்தேன். தினமும் கும்பிடுகிறவனே இப்படி நினைத்தேன் என்பதை இன்றைக்கும் யோசித்துப் பார்க்கிறேன்.

பின்மூடியைக் கழற்றினேன். பவர் பட்டனுக்குப் போகிற ரிப்பன் கேபிள் சரியாகத்தான் உட்கார்ந்திருந்தது. இருந்தாலும் போன தடவை நான் கழற்றி மாட்டியதுதானே, லூசாக இருக்கலாம் என்று எடுத்துத் துடைத்து மறுபடி செருகினேன். ஏதோ ஒரு காரணம் கிடைத்த நிம்மதியில், "ரிப்பன்தான். இனி பிரச்சினை வராது" என்றேன்.

பத்து நாள் ஒழுங்காக ஓடியது. பதினோராவது நாள் ரிசார்ட் முதலாளி நகரத்துக்கு வந்தார். ஒரு ஹோட்டலில் தங்கியிருந்தார். நேரில் கொண்டுவந்து காட்டச் சொன்னார். குளித்து, கும்பிட்டு, கிளம்புகிற நேரத்தில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்துவிடலாம் என்று ரேவதி பட்டனை அமத்தினாள். மறுபடியும் செத்துப்போனது. ஓடாத மெஷினைத் தூக்கிக்கொண்டு போய் என்ன காட்டுவது என்று அவள் போகவில்லை. போனில் மன்னிப்புக் கேட்டாள். மறுநாள் காலை சும்மா அமத்திப் பார்த்தால் தானாகவே ஆன் ஆகியிருக்கிறது.

இந்தத் தடவை அவள் அம்மாவும் கூட வந்தாள். கடையில் பாத்திரம் விற்று விற்றுத் தொண்டை கனத்துப்போன அம்மாள்.

நான் பட்டனைத் தட்டினேன். ஏழு நிறம் எரிந்தது.

"ஆகா" என்றாள் அம்மா. "அண்ணாச்சி கடைலன்னா மட்டும் சிரிக்கு. அப்ப இத உங்களுக்கே கட்டிக் குடுத்திருதோம், நீங்களே வச்சு வாழுங்க."

"அம்மா, சும்மா இருக்கியா" என்றாள் ரேவதி. பிறகு என்னிடம் திரும்பி மெல்லிய குரலில் சொன்னாள்: "இது நல்ல நாள் பாத்துத்தான் சாவுது அண்ணாச்சி. சும்மா இருக்கற நாள்ல ஒண்ணும் ஆகாது. முக்கியமான நாள்ல மட்டும் ஓடாது."

"கண்ணேறு" என்றாள் அம்மா. "ஆபீஸ விட்டுட்டு வந்தாள்லா, அங்க உள்ளவளுக எல்லாம் கண்ணு வச்சிருப்பாளுக."

எனக்குக் கண்ணேறில் நம்பிக்கை இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் மல்டிமீட்டரில் அதை அளக்க வழியில்லை. லேப்டாப்பை இரண்டு நாள் கடையில் வைத்துக்கொண்டேன். நாற்பது தடவைக்கு மேல் ஆஃப் செய்து ஆன் செய்தேன். பேட்டரியைக் கழற்றிப் பார்த்தேன், அடாப்டரை ஆட்டிப் பார்த்தேன், பெஞ்ச் சப்ளையில் கரண்ட் எவ்வளவு இழுக்கிறது என்று பார்த்தேன். ஒரு தடவைகூடத் தவறவில்லை.

கடையில் ஓடுகிறது, வீட்டில் ஓடவில்லை. அப்படியென்றால் பழுது வீட்டில் இருக்கிறது. இவ்வளவு தூரம் என் கணக்கு சரிதான். வீட்டில் என்ன இருக்கும்? எர்த் சரியில்லை என்று நானே முடிவு செய்துவிட்டேன். பழைய வீடு, பழைய வயரிங். எனக்குத் தெரிந்த எலக்ட்ரீஷியனை அனுப்பினேன். அவர் எர்த் குழியில் கரியும் உப்பும் போட்டு, தண்ணீர் ஊற்றி, பிளக் பாயிண்டையும் மாற்றிவிட்டு வந்தார்.

"இனி பிரச்சினை வராது" என்று மூன்றாவது தடவையாகச் சொன்னேன்.

3. வித்துரா

ரிசார்ட் முதலாளி இரண்டு தடவை ஏமாந்தவர். மூன்றாவது தடவை அவள் கெஞ்சித்தான் நேரம் வாங்கினாள். வளைகுடாவுக்குத் திரும்புகிற நாளில் காலை பத்தரைக்கு வித்துரா ஆபீஸுக்கு வரச் சொன்னார். அன்று விட்டால் வேலையைக் கொச்சியில் உள்ள ஒரு பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும்விட்டார். ரேவதி விடியற்காலை எழுந்து, வீட்டிலேயே லேப்டாப்பை ஆன் செய்து, எட்டு காட்டேஜும் சரியாகத் திறக்கிறதா என்று பார்த்துவிட்டு, மூடிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள்.

அங்கே போய் மேசையில் வைத்துத் திறந்து பட்டனை அமத்தினால், ஒன்றுமில்லை.

அதுதான் நான் முதலில் சொன்ன போன்.

"ரேவதி, பதறாத. எர்த் உள்ள பிளக்கா பாத்துச் செருகு" என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. வீடு வேறு, வித்துரா வேறு. இரண்டு இடத்திலும் ஒரே எர்த் கெட்டுப்போக முடியாது. என் மூன்றாவது தீர்ப்பும் அந்த நிமிடத்தில் செத்தது.

போனில் முதலாளியின் குரல் கேட்டது. கோபமில்லாத குரல். அதுதான் பயமாக இருந்தது. "எந்தா மோளே, இதுவரெ ஆயில்லே?" என்றார், இன்னும் ஆகவில்லையா மகளே என்று.

"இப்ப ஆகும் சார், ரெண்டு மினிட்டு" என்று மலையாளத்தில் சொன்ன ரேவதி, என்னிடம் கிசுகிசுத்தாள்: "அண்ணாச்சி, பேடியா இருக்கு, ரொம்பப் பயமா இருக்கு. இனி எனக்குச் சமயம் இல்ல."

பெஞ்சுக்கு மேலே இரும்பு ரேக்கில் என் பிள்ளையார் இருக்கிறார். ரேவதிக்குக் கொடுத்த அதே நூறில் ஒருவர். அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். 'அப்பனே, நான் தோத்துப்போனது போகட்டும், இந்தப் பிள்ளைய விட்றாத' என்று மனசுக்குள் சொன்னேன். அவர் ரேக்கில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்துக்கொண்டே நின்றும் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"மக்களே, பட்டன விடு. சார்ஜர் போட்டிருக்கல்லா? சைடுல சார்ஜிங் லைட் எரியுதா?"

"எரியுது."

"என்ன கலர்?"

"வெள்ள."

வெள்ளை என்றால் அடாப்டர் சரி, பேட்டரி சரி, போர்டுக்குக் கரண்ட் போகிறது. மெஷினுக்கு உயிர் இருக்கிறது. பட்டனை அமத்துவதை அது கண்டுகொள்ளவில்லை, அவ்வளவுதான். இந்த லைட்டைப் பற்றி நான் இதுவரை அவளிடம் கேட்டதே இல்லை. ஏனென்றால் கடையில் என் முன்னால் அது செத்ததே இல்லை.

பட்டனை அமத்தியும் கண்டுகொள்ளாத மெஷின். வீட்டிலும் வித்துராவிலும் சாகிறது, கடையில் ஓடுகிறது. முக்கியமான நாளில் சாகிறது, சும்மா இருக்கிற நாளில் ஓடுகிறது. விடியற்காலை வீட்டில் ஓடியதே, அது ஏன்?

"ரேவதி, காலைல வீட்டுல ஆன் பண்ணியே, அப்ப எப்படிச் செஞ்சே?"

"வெறுதே தொறந்து அமத்தினேன். டெஸ்ட் பண்ணத்தானே."

"இப்ப?"

"இப்பவும் அதுதான் அண்ணாச்சி."

"இல்ல. பையத் தொறந்ததுலேருந்து சொல்லு. ஒண்ணு விடாமச் சொல்லு. நான் நடுவுல பேசல."

"பையத் தொறந்தேன். லேப்டாப்ப எடுத்து மேசைல வச்சேன். சார்ஜர் குத்தினேன். மூடியத் தொறந்தேன். சாமிய வச்சுக் கும்பிட்டேன். பட்டன..."

"நில்லு. சாமிய எங்க வச்சே?"

"லேப்டாப் மேலதான். எப்பவும் முக்கியமான காரியம்னா அவர வச்சுக் கும்பிட்டுட்டுத்தான் தொடங்குவேன். நீங்க தந்த பிள்ளையாரு."

"வீடியோ போடு மக்களே. கேமராவக் கீபோர்டுக்கு நேரா காட்டு."

காட்டினாள். கருப்புக் கீபோர்டு. அதற்குக் கீழே கை வைக்கிற இடத்தில், இடது மூலையில், ஸ்பீக்கருக்கு மேலே, என் கடை நம்பர் ஒட்டிய பிள்ளையார் கம்பீரமாக உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம் வேறு.

புதிய பிள்ளைகளுக்காக இங்கே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். லேப்டாப்பை மூடினால் தூங்கிவிடுகிறதே, மூடியதை அது எப்படித் தெரிந்துகொள்கிறது? மூடியின் ஓரத்தில் சின்னக் காந்தம் இருக்கும். கீழ்ப் பாகத்தில் அதற்கு நேராக ஒரு சென்சார் இருக்கும். காந்தம் பக்கத்தில் வந்தால், 'மூடிவிட்டார்கள்' என்று சென்சார் போர்டுக்குச் சொல்லும். சில மாடல்களில், மூடியிருக்கும்போது பவர் பட்டனை எவ்வளவு அமத்தினாலும் போர்டு காது கொடுக்காது. பையில் கிடக்கும்போது தானாக ஆன் ஆகிவிடக் கூடாதென்று அப்படிச் செய்திருக்கிறார்கள். இது எனக்குத் தெரியாத விஷயமல்ல. சென்சாரை டெஸ்ட் செய்ய என் டிராயரிலேயே ஒரு காந்தத் துண்டு வைத்திருக்கிறேன்.

ஸ்பீக்கரிலும் இரும்பு உண்டு, காந்தம் உண்டு. அதனால் பிள்ளையார் அந்த மூலையில் வைத்தவுடனே டக்கென்று பிடித்துக்கொண்டிருக்கிறார். சென்சார் அதற்கு ஒரு விரல் தள்ளி. சாதாரண நாளில் அவர் வீட்டுப் பூஜை அலமாரியில் இருப்பார், லேப்டாப் ஓடும். முக்கியமான நாளில் லேப்டாப் மேல் வருவார், லேப்டாப் தன்னை மூடிவிட்டதாக நினைத்துக்கொள்ளும். கடைக்குக் கொண்டுவர வேண்டுமென்றால் மூடியை மூட வேண்டும். மூட வேண்டுமென்றால் அவரை எடுத்து அலமாரியில் வைத்தே ஆக வேண்டும். அதனால்தான் என் கடையில் ஒரு நாளும் தவறவில்லை.

"ரேவதி, பிள்ளையார எடுத்து மேசைல வை. லேப்டாப்ப விட்டு ஒரு முழம் தள்ளி."

படத்தில் அவள் கை பிள்ளையார் பக்கம் வந்து நின்றுவிட்டது.

"கேக்குதா?"

"அண்ணாச்சி, இந்த நேரத்துலயா சாமிய எடுக்கச் சொல்லுதீங்க? இருக்கற தொணையே அவருதான்."

அவள் குரல் உடைந்துபோயிருந்தது. அவளைக் குறை சொல்ல முடியாது. என்னிடம் யாராவது அந்த நேரத்தில் அப்படிச் சொல்லியிருந்தால் நானும் எடுத்திருக்க மாட்டேன்.

"மக்களே, கேளு. சாமி மேல குத்தமே இல்ல. அவரு அடியில காந்தம் இருக்கு. அத வாங்கிக் குடுத்தது நான். லேப்டாப் மேலயே வைன்னு சொன்னதும் நான். அந்தக் காந்தத்தால மெஷின் மூடிக் கெடக்குன்னு நெனைக்கு. தப்பு முழுக்க என் தலைல. அவரு மேசைல இருந்தாலும் உன்னப் பாத்துக்கிட்டுத்தான் இருப்பாரு. எடுத்து வை."

கேமரா ஆடியது. ஒரு கை வந்தது. பிள்ளையாரை எடுக்கப் போனால் அவர் வரவில்லை. பவர் காந்தம் அல்லவா. கொஞ்சம் சாய்த்துப் பெயர்த்து எடுத்தாள், கண்ணில் ஒற்றினாள், மேசையின் அந்தக் கோடியில் வைத்தாள்.

"இப்ப அமத்து."

அமத்தினாள்.

படம் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. ஆனால் சத்தம் கேட்டது. அந்தக் கேமிங் லேப்டாப்பின் இரண்டு ஃபேனும் ஒன்றாகக் கிளம்பும்போது ஊ என்று ஒரு இரைச்சல் வரும். எத்தனையோ தடவை எரிச்சலோடு கேட்ட இரைச்சல். அன்றைக்கு அது எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

"வந்நு அல்லே" என்றார் முதலாளி, வந்துவிட்டது அல்லவா என்று.

"வந்நு சார்" என்றாள் ரேவதி. போனைக் கட் செய்ய மறந்துவிட்டாள். எனக்கு அவள் குரல் கேட்டுக்கொண்டே இருந்தது. ஆற்றுப் பக்கத்துப் படியில் இறங்கலாம் சார், இந்த ஜன்னலைத் திறந்தால் பொன்முடி மலை தெரியும், மரம் எதையும் வெட்ட வேண்டாம், காட்டேஜை மரத்துக்கு இடையில் திருப்பி வைத்திருக்கிறேன் என்று மலையாளத்தில் சரளமாகப் போய்க்கொண்டிருந்தாள். அழுத பெண்ணா இது என்று இருந்தது. பெஞ்சில் மூன்று மெஷின் திறந்து கிடந்தது. எதையும் தொடாமல் நின்றபடியே கேட்டேன்.

பதினொன்றே முக்காலுக்கு அவளே கூப்பிட்டாள்.

"அண்ணாச்சி, கிட்டி. எட்டு காட்டேஜும் எனக்குத்தான். ரிசப்ஷனும் என்னையே செய்யச் சொல்லிட்டாரு. உன்னாலதான் பத்து நிமிஷம் லேட்டுன்னு சிரிச்சுக்கிட்டே ஏர்போர்ட்டுக்குப் போனாரு."

"பிள்ளையாரு?"

"மேசைலதான் இருந்தாரு. முழுசும் பாத்தாரு."

4. அறுபத்திரண்டு போன்

வீட்டுக்குப் போய் என் மனைவி செல்லத்திடம் நடந்ததைச் சொன்னேன். கீழே மிளகாய் மண்டிக்காரர், "உம்ம சாமியே மெஷின நிப்பாட்டிட்டாரே வே" என்று கேலி செய்ததையும் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை. "சாமிக்கு அடியில காந்தத்த வச்சுக் குடுத்தது யாரு? நூறு வாங்கினீங்களே, மிச்சம் எத்தன பேருகிட்ட இருக்கு?" என்று கேட்டாள்.

ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். ரேவதியைச் சேர்க்காமல் அறுபத்திரண்டு பேருக்குக் கொடுத்திருந்தேன். மறுநாள் காலை பூஜை முடிந்த கையோடு ஒவ்வொருவராகக் கூப்பிட்டேன். "நான் தந்த பிள்ளையாரை லேப்டாப் மேல் வைக்காதீர்கள், தள்ளி வையுங்கள், தவறு என்னுடையது" என்று அறுபத்திரண்டு தடவை சொன்னேன். முதல் ஐந்து போனில் நாக்கு கூசியது. பிறகு பழகிவிட்டது.

பெரும்பாலானவர்கள் காரில் வைத்திருந்தார்கள். கோட்டைக்குள் அக்ரஹாரத் தெருவில் இருக்கும் வக்கீல் ஒருவர் மட்டும் நான் சொன்னதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டார்.

"என்னங்காணும் சொல்றீர்? ஆத்துல என் லேப்டாப் ரெண்டு மாசமா செத்துக் கெடக்கு. சரி, ஆயுசு முடிஞ்சதுன்னு புதுசு ஒண்ணு வாங்கலாம்னு இருந்தேன்."

"பிள்ளையாரு அதுமேல இருக்காரா சார்?"

"ஆமாம், தொறந்தபடியே கெடக்கு, கீபோர்டுக்குக் கீழ ஓரத்துலதான் இருக்கார். மெஷினுக்கு ஒடம்பு சரியாகட்டும்னு நாந்தான் தெனமும் ஒரு பூ வைக்கறேன்."

பிள்ளையாரை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டுப் பட்டனை அமத்தச் சொன்னேன். போன் வழியாகவே லேப்டாப் கிளம்பும் சத்தம் கேட்டது.

"அட" என்றார் வக்கீல். "கேஸ் டிஸ்மிஸ்."

இன்னும் ஒரு டீச்சரம்மாவின் மெஷினும் அப்படியே உயிர் பெற்றது. ஒரே காலையில் கையில் ஸ்க்ரூடிரைவர் எடுக்காமல் இரண்டு லேப்டாப்பை எழுப்பியவன் இந்த ஊரில் வேறு யாரும் இருக்கமாட்டான்.

மீதியிருந்த பிள்ளையார்களை நானும் செல்லமும் உட்கார்ந்து வெந்நீரில் பீடத்தை மட்டும் முக்கி, கத்தி முனையால் காந்தத்தை நெம்பி எடுத்தோம். எடுப்பதற்கு முன் ஒவ்வொரு பிள்ளையாரிடமும் செல்லம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். இப்போதும் கஸ்டமருக்குப் பிள்ளையார் கொடுக்கிறேன். காந்தம் கிடையாது, ஒட்டுகிற டேப்தான்.

சாமி என்னைச் சோதித்தார் என்று நான் சொல்லமாட்டேன். அவர் வைத்த இடத்தில் இருந்தார். காந்தம் காந்தத்தின் வேலையைச் செய்தது. சென்சார் சென்சாரின் வேலையைச் செய்தது. வேலையைச் சரியாகச் செய்யாதவன் நான் ஒருவன்தான். ரேவதி இரண்டாவது தடவை வந்தபோதே சொல்ல ஆரம்பித்தாள். முழுவதும் கேட்டிருந்தால் அவளுக்கு இரண்டு மீட்டிங் போயிருக்காது, நல்லதாக இருந்த எர்த் குழியை வீணாகத் தோண்டியிருக்கவும் வேண்டாம்.

அன்றிலிருந்து ஜாப் கார்டில் மாடல் நம்பருக்கும் கம்ப்ளெயிண்டுக்கும் கீழே பேனாவால் ஒரு வரி சேர்த்திருக்கிறேன்: 'ஆன் செய்வதற்கு முன் என்ன செய்தீர்கள்?' கஸ்டமர் பதில் சொல்லி முடிக்கிற வரைக்கும் கை இரண்டையும் மடியில் வைத்துக்கொள்வேன், மெஷினைத் தொடமாட்டேன். எது மெஷினுக்குச் சம்பந்தம், எது இல்லை என்று நான் பிரிப்பதில்லை. புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இது ஒன்றுதான்.

சிரமம்தான். போன மாதம் ஒரு அம்மா செத்துப்போன லேப்டாப்போடு வந்தார். இருபது நிமிடம் பேசினார். மருமகள் பிரசவம், மாடிப்படி வழுக்கல், ஊரிலிருந்து வந்த சம்பந்தி, எல்லாம் வந்தது. நான் மடியில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பதாவது நிமிடத்தில், "சம்பந்தி வந்த அன்னைக்கு இளநீ வெட்டினோம், மேசை எல்லாம் ஒழுகிட்டு, லேப்டாப்புக்கு அடியெல்லாம் தொடச்சு எடுத்தோம்" என்றார்.

அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தேன். எங்கே திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்திருந்தது.